கணக்கியல் ஆய்வுக்குள் என்னதான் சண்டை?

சுற்றுச்சூழல் மதிப்பெண் அதிகம் வாங்கிய நிறுவனங்களின் பங்குகள் கூடுதல் லாபம் தருகின்றன என்று ஓர் ஆய்வு சொன்னதாகச் செய்தி வரும். கொஞ்ச காலம் கழித்து, அதே கேள்வியை வேறு இரண்டு பேர் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள், அப்படி எதுவும் தெரியவில்லை என்று இன்னொரு செய்தி வரும். புதிய கணக்குத் தரநிலை வந்ததால் முதலீட்டாளர்களுக்கு நன்மை என்பார் ஒருவர், நன்மை உண்டு ஆனால் அது தரநிலையால் வந்ததே இல்லை என்பார் இன்னொருவர். இரண்டு பக்கமும் பேராசிரியர்கள்தான், இரண்டுமே பெரிய ஆய்விதழ்களில் வந்தவைதான். கணக்கு என்றால் கூட்டல் கழித்தல்தானே, இதில் என்ன இவ்வளவு தகராறு என்று படிக்கிறவருக்குத் தோன்றுவது நியாயம்.

தகராறு கூட்டலில் இல்லை, அளவுகோலில் இருக்கிறது. கணக்கியல் ஆய்வில் இப்போது சூடாக ஓடும் விவாதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் போய் முட்டுகின்றன: கண்ணால் பார்க்க முடியாத ஒன்றை அளந்துவிட்டதாகச் சொல்கிறீர்களே, நிஜமாக எதை அளந்தீர்கள்? கீழே வரும் ஒவ்வொரு பகுதியையும் இந்தக் கேள்வியோடு படித்தால் குழப்பம் பாதி தீரும்.

## முதலில், இந்தத் துறை எதை ஆராய்கிறது

பேரேடு எழுதுவது எப்படி என்பதை அல்ல. கணக்கில் வரும் எண்களும் அறிக்கைகளும் மனிதர்களின் முடிவுகளை எப்படி மாற்றுகின்றன என்பதைத்தான். சுருக்கமாக நான்கு கிளைகள்:

1. நிதி அறிக்கை: நிறுவனம் வெளியே சொல்லும் லாபம், சொத்து, கடன். முதலீட்டாளரும் வங்கியும் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்.
2. தணிக்கை: அந்த எண்களைச் சரிபார்க்கும் ஆடிட்டர் எவ்வளவு சுதந்திரமாக இருக்கிறார், அவர் வேலையின் தரம் என்ன.
3. மேலாண்மைக் கணக்கியல்: நிறுவனத்துக்கு உள்ளே பட்ஜெட், செலவுக் கணக்கு, ஊக்கத்தொகை.
4. வரி: சட்டத்துக்கு உட்பட்ட வரித் திட்டமிடல் எங்கே முடிகிறது, ஏய்ப்பு எங்கே தொடங்குகிறது.

முதல் கிளைதான் இதழ்களின் பக்கங்களில் பெரும்பகுதியைச் சாப்பிடுகிறது. காரணம் எளிது, அதற்கு மட்டும்தான் தரவு கொட்டிக் கிடக்கிறது. பட்டியலிட்ட நிறுவனங்களின் அறிக்கையும் பங்கு விலையும் கணினியில் தயாராக இருக்கின்றன. ஒரு தொழிற்சாலைக்குள் பட்ஜெட் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்பது இல்லை. எது முக்கியம் என்பதைவிட எதற்குத் தரவு கிடைக்கிறது என்பதே ஆய்வின் திசையைத் தீர்மானிக்கிறது என்ற புகார் இந்தத் துறையில் பழையது, இன்னும் தீராதது.

## 1968: திசை மாறிய ஆண்டு

அதற்கு முன்பு கணக்கியல் பேராசிரியர்கள் பெரும்பாலும் ‘லாபத்தை இப்படித்தான் கணக்கிட வேண்டும்’ என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். சொத்தை வாங்கிய விலையில் காட்டுவதா, இன்றைய விலையில் காட்டுவதா என்ற மாதிரி வாதங்கள். யார் ஜெயித்தார் என்று சொல்ல வழியே இல்லை, எல்லாமே தர்க்கம்.

1968இல் ரே பால், பிலிப் பிரவுன் என்ற இருவர் வேறு மாதிரி கேட்டார்கள். அமெரிக்காவின் 261 நிறுவனங்களை எடுத்துக்கொண்டு, ஆண்டு லாபம் எதிர்பார்ப்பைவிடக் கூடினால் பங்கு விலை ஏறுகிறதா, குறைந்தால் இறங்குகிறதா என்று பார்த்தார்கள். ஏறியது, இறங்கியது. ஆனால் சுவாரசியம் அதில் இல்லை: லாபக் கணக்கு வெளிவரும் நாளுக்குள் அதிலுள்ள செய்தியில் 85 முதல் 90 சதவீதம் ஏற்கெனவே விலையில் ஏறிவிட்டிருந்தது. சந்தை வேறு வழிகளில் முன்பே மோப்பம் பிடித்துவிடுகிறது. இந்தக் கட்டுரையைத் துறையின் முதன்மை இதழான ‘தி அக்கவுண்டிங் ரிவ்யூ’ ஏற்கவில்லை, சிகாகோவிலிருந்து வந்த ‘ஜர்னல் ஆஃப் அக்கவுண்டிங் ரிசர்ச்’ வெளியிட்டது. பிறகு அந்தத் துறையே அதன் பின்னால் போய்விட்டது என்பது வேறு கதை.

அடுத்த பத்தாண்டில் ராஸ் வாட்ஸ், ஜெரால்ட் ஸிம்மர்மேன் இருவரும் இன்னொரு படி எடுத்துவைத்தார்கள். மேலாளர்கள் ஏன் ஒரு கணக்கு முறையை விட்டு இன்னொன்றைப் பிடிக்கிறார்கள்? போனஸ், கடன் ஒப்பந்த நிபந்தனை, அரசியல் அழுத்தம் ஆகியவைதான் காரணம் என்றார்கள். அதாவது லாப எண் என்பது அளவு மட்டும் இல்லை, அதில் ஒருவருடைய ஆதாயமும் கலந்திருக்கிறது. இன்று ‘லாபத்தைச் சரிக்கட்டுதல்’ பற்றி வரும் ஆயிரக்கணக்கான கட்டுரைகளின் வேர் இங்கேதான்.

## சரிக்கட்டிய லாபத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் துறையின் ஆறாத புண் இதுதான்.

லாபமும் கையில் வந்த பணமும் ஒன்றல்ல. சரக்கை இன்று விற்று, பணம் மூன்று மாதம் கழித்து வந்தாலும் விற்பனை இன்றே லாபத்தில் ஏறும். இயந்திரத்தை இன்று வாங்கினாலும் செலவு பத்து ஆண்டுகளுக்குத் தேய்மானமாகப் பிரியும். லாபத்துக்கும் ரொக்கத்துக்கும் உள்ள இந்த இடைவெளிக்கு அக்ரூவல் என்று பெயர். அதில் மதிப்பீடு இருக்கிறது: எந்த வாடிக்கையாளர் பணம் தராமல் போவார், இயந்திரம் எத்தனை ஆண்டு ஓடும், உத்தரவாதக் காலத்தில் எத்தனை பொருள் திரும்பி வரும். மதிப்பீடு இருக்கும் இடத்தில் கை வைக்கவும் இடம் இருக்கிறது.

1991இல் ஜெனிபர் ஜோன்ஸ் ஒரு வழி சொன்னார். இறக்குமதியிலிருந்து பாதுகாப்பு கேட்டு அமெரிக்க அரசிடம் போன நிறுவனங்களை அவர் ஆராய்ந்தார். ‘நாங்கள் நலிந்துவிட்டோம்’ என்று காட்டினால்தான் பாதுகாப்பு கிடைக்கும், ஆக லாபத்தைக் குறைத்துக் காட்ட அவர்களுக்கு ஆசை இருக்கும். விற்பனையில் வந்த மாற்றம், நிலையான சொத்துகளின் அளவு ஆகியவற்றை வைத்து ‘இந்த நிறுவனத்துக்கு இயல்பாக இவ்வளவு அக்ரூவல் இருக்க வேண்டும்’ என்று ரிக்ரஷன் (மாறிகளுக்கு இடையேயான தொடர்பை எண்ணாக மதிப்பிடும் புள்ளியியல் முறை) மூலம் கணக்கிட்டார். நிஜ அக்ரூவலிலிருந்து அதைக் கழித்தால் மிச்சம் வருகிறதே, அதுதான் கைவரிசை.

அழகான யோசனை, அதனால்தான் பரவியது. சிக்கலும் அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது. மிச்சம் என்பது ‘மோசடி’ அல்ல, ‘என் மாதிரியால், அதாவது என் சமன்பாட்டால், விளக்க முடியாதது’. மாதிரி மட்டமாக இருந்தாலும் மிச்சம் பெருகும். வேகமாக வளரும் ஒரு நேர்மையான நிறுவனத்துக்கும் பெரிய மிச்சம் வரும். எழுந்த எதிர்ப்புகளை வரிசையாகச் சொன்னால்:

1. 1995இலேயே பட்ரீஷியா டெகோவ், ரிச்சர்ட் ஸ்லோன், ஏமி ஸ்வீனி மூவரும் இந்த மாதிரிகளைச் சோதித்தார்கள். நிஜ வாழ்க்கையில் நடக்கக்கூடிய அளவுக்குச் சரிக்கட்டினால் இவற்றால் அதைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. மிக நன்றாகவோ மிக மோசமாகவோ ஓடும் நிறுவனங்களை மட்டும் தேவையில்லாமல் குற்றவாளி ஆக்கின. மாதிரியைத் திருத்தினார்கள். திருத்திய மாதிரி இன்றும் ஓடுகிறது, நோயும் கூடவே ஓடுகிறது.
2. 2018இல் வெய் சென், பால் ஹ்ரிபார், சாம் மெலெஸ்ஸா மூவரும் காட்டியது இன்னும் அடிப்படையானது. ஒரு ரிக்ரஷனின் மிச்சத்தை எடுத்து அடுத்த ரிக்ரஷனில் விளக்க வேண்டிய மாறியாகப் போடும் இந்த இரண்டு கட்ட முறையே பிசகான விடையைத் தரலாம், இல்லாத தொடர்பையும் இருப்பதாகக் காட்டலாம். பல ஆண்டுகளாக எல்லோரும் செய்துகொண்டிருந்தது அதைத்தான்.
3. பெரிய தரவுத் தொகுப்புகளின் ஆபத்து தனி. ஒரு லட்சம் நிறுவன-ஆண்டுகளை (ஒரு நிறுவனத்தின் ஓர் ஆண்டுக் கணக்கு ஒன்று என எண்ணி) வைத்து ஓட்டினால், நடைமுறையில் எந்த மதிப்பும் இல்லாத குட்டி வித்தியாசம்கூடப் புள்ளியியல் ரீதியில் ‘குறிப்பிடத்தக்கது’ ஆகிவிடும். அதைக் காட்டும் நட்சத்திரக் குறிகளால் அட்டவணை நிறைந்துவிடும்.

இன்னொரு பிரபல அளவுகோலின் கதையும் சொல்லாமல் விட முடியாது. 1997இல் டேவிட் பர்க்ஸ்டாலர், இலியா டிசெவ் இருவரும் நிறுவனங்களின் லாபத்தை வரைபடமாகப் போட்டார்கள். பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே, அதாவது சின்ன நட்டம் காட்டும் நிறுவனங்கள் எதிர்பார்ப்பைவிட மிகக் குறைவு. சற்று மேலே, சின்ன லாபம் காட்டுபவை மிக அதிகம். கோட்டுக்கு இந்தப் பக்கம் பள்ளம், அந்தப் பக்கம் மேடு. நட்டத்தை லாபமாகத் தள்ளிவிடுகிறார்கள் என்பதற்கு இதைவிடக் கண்ணுக்குத் தெரியும் சான்று வேண்டுமா என்று பாடப்புத்தகம் வரை போய்விட்டது. பிறகு 2005இல் சிண்டி டுர்ட்சி, பீட்டர் ஈஸ்டன் வந்தார்கள். லாபத்தைப் பங்கு விலையால் வகுப்பது, எந்த நிறுவனங்களைச் சேர்க்கிறோம் விடுகிறோம் என்பது, இவையே அந்தப் பள்ளத்தை உண்டாக்கலாம் என்றார்கள். வேறு சிலர், வரி விதிகள் லாபத்துக்கும் நட்டத்துக்கும் வேறு வேறாக இருப்பதே பாதிக் காரணம் என்றார்கள். 2015இல் இன்னொரு கட்டுரை, நிறுவனக் கணக்கு மோசடிகளைத் தடுக்க அமெரிக்காவில் 2002இல் வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டத்துக்குப் பிறகு அந்தப் பள்ளமே மறைந்துவிட்டது என்றது.

அப்படியானால் யாரும் லாபத்தை வளைப்பதில்லையா? வளைக்கிறார்கள். 2005இல் ஜான் கிரஹாம், காம்ப்பெல் ஹார்வி, ஷிவா ராஜ்கோபால் மூவரும் 400க்கும் மேற்பட்ட நிதி நிர்வாகிகளிடம் நேரடியாகக் கேட்டபோது, ஏற்ற இறக்கம் இல்லாத லாபத்தைக் காட்டுவதற்காக நிறுவனத்தின் நிஜ மதிப்பில் கொஞ்சம் விட்டுக்கொடுப்போம் என்று 78 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். விளம்பரத்தையும் ஆராய்ச்சியையும் தள்ளிப்போடுவோம் என்றார்கள். அது கணக்கில் செய்யும் வித்தை இல்லை, தொழிலிலேயே கை வைப்பது. சிக்கலான மாதிரிகள் சொன்னதைவிட இந்த நேரடிக் கேள்வி அதிகம் சொன்னது என்பது என் எண்ணம். ரே பால் 2013இல் எழுதியதையும் இங்கே சேர்க்க வேண்டும்: லாபச் சரிக்கட்டல் எங்கும் மலிந்திருக்கிறது என்பதே துறையின் கேள்வி கேட்கப்படாத நம்பிக்கைகளில் ஒன்று என்றார் அவர். 1968இன் நாயகரே சொல்வதால் மட்டும் அது சரியாகிவிடாது, ஆனால் யோசிக்க வைக்கிறது.

## இதனால்தான் அது: காரணத்தை நிறுவும் சண்டை

சரி, அளந்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த படி, ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நிறுவுவது. ஆய்வகத்தில் போல நிறுவனங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பாதிக்கு மட்டும் புது விதி போட முடியாது. அதனால் வாழ்க்கையே தரும் ‘இயற்கைச் சோதனை’களைத் தேடுகிறார்கள். ஒரு நாடு விதியை மாற்றுகிறது, பக்கத்து நாடு மாற்றவில்லை. இருவருக்கும் முன்பும் பின்பும் உள்ள வித்தியாசத்தை ஒப்பிடலாம். இதில் மூன்று விதமாகக் கால் வழுக்குகிறது.

ஒன்று, கூடவே வந்த மாற்றம். ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் பட்டியலிட்ட நிறுவனங்களுக்குச் சர்வதேச நிதி அறிக்கைத் தரநிலைகளைக் கட்டாயமாக்கியது. பங்குகளின் விற்பனைப் புழக்கம் எளிதானது என்று ஆய்வுகள் கண்டன. தரநிலைக்கு வெற்றி என்று எல்லோரும் கைதட்டினார்கள். 2013இல் ஹான்ஸ் கிறிஸ்டென்சன், லூஸி ஹெயில், கிறிஸ்டியன் லாய்ட்ஸ் மூவரும் நெருங்கிப் பார்த்தபோது, அந்த நன்மை ஐந்து நாடுகளில் குவிந்திருந்தது, அந்த ஐந்தும் அதே சமயத்தில் நிதி அறிக்கைக் கண்காணிப்பைப் பலப்படுத்தியிருந்தன. ஒரே நேரத்தில் இரண்டு மருந்து கொடுத்துவிட்டு ஒன்றுக்கு மட்டும் பெயர் வாங்கித் தந்த கதை இது.

இரண்டு, படிப்படியாக வந்த விதி. விதி ஒரு மாநிலத்தில் ஒரு ஆண்டு, இன்னொன்றில் வேறு ஆண்டு என வரும்போது எல்லாவற்றையும் ஒரே சமன்பாட்டில் போட்டு ஓட்டுவது வழக்கமாக இருந்தது. ஏற்கெனவே விதிக்குள் வந்துவிட்டவர்களை, பின்னால் வருகிறவர்களுக்கு ஒப்பீட்டுக் குழுவாக அந்தச் சமன்பாடு சத்தமில்லாமல் பயன்படுத்துகிறது. விளைவு காலப்போக்கில் மாறினால் விடை தலைகீழாகக்கூடப் போகலாம். ஆண்ட்ரூ பேக்கர், டேவிட் லார்க்கர், சார்லஸ் வாங் 2022இல் ஏற்கெனவே வெளிவந்த சில கட்டுரைகளையே எடுத்து இதைக் காட்டினார்கள். புதிய மதிப்பீட்டு முறைகள் வந்துவிட்டன. பழைய முறையில் வந்தவற்றில் எத்தனை நிற்கும் என்பதுதான் கேள்வி.

மூன்று, ஒரே சோதனையைப் பலர் உழுவது. இது எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2005 மே முதல் 2007 வரை ஒரு சோதனை நடத்தியது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் அடங்கிய ரஸ்ஸல் 3000 பட்டியலில் மூன்றில் ஒரு பங்கு நிறுவனங்களுக்கு ஷார்ட் செல்லிங் (விலை இறங்கும் என்று எண்ணி, கடன் வாங்கிய பங்கை விற்பது) கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. தேர்வு ஏறக்குறைய குலுக்கல் மாதிரிதான், ஆய்வாளர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். ஷார்ட் செல்லிங் பயத்தால் லாபச் சரிக்கட்டல் குறைந்தது என்று ஒரு கட்டுரை, முதலீடு மாறியது, கண்டுபிடிப்புகள் மாறின, தணிக்கைக் கட்டணம் மாறியது என்று கட்டுரைகள் வந்துகொண்டே இருந்தன. டேவிட்சன் ஹீத்தும் மூன்று சக ஆய்வாளர்களும் கேட்ட கேள்வி எளிமையானது: ஒரே சோதனையை வைத்து இத்தனை விளைவுகளைத் தேடினால், தற்செயலாகவே சில ‘கண்டுபிடிப்பு’ ஆகாதா? பலமுறை தேடியதற்கு ஏற்றபடி வரம்பைக் கடுமையாக்கினால் பழைய முடிவுகளில் பல நிற்கவில்லை. இதில் தனியாக எந்த ஆய்வாளரும் தப்பு செய்யவில்லை என்பதுதான் கொடுமை. ஒவ்வொருவரும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள், கூட்டமாகச் சேர்ந்தபோது கணக்கு பிசகிவிட்டது.

## நம்பகத்தன்மை: மோசடியும் அதைவிடப் பரவலானதும்

வெட்கப்பட வேண்டிய அத்தியாயமும் உண்டு. பென்ட்லி பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் ஹன்டனின் தணிக்கைச் சோதனைக் கட்டுரை ஒன்றை ‘தி அக்கவுண்டிங் ரிவ்யூ’ 2012இல் திரும்பப் பெற்றது. பல்கலைக்கழகம் விசாரித்து, தரவு புனையப்பட்டது என்று 2014இல் அறிவித்தது. கடைசியில் அவர் பெயரிலுள்ள முப்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. ஆடிட்டர்கள் மோசடியை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே அந்தக் கட்டுரைகளில் ஒன்றின் பொருள்.

ஆனால் அப்பட்டமான புனைவு அரிது. பரவலாக நடப்பது வேறு: பத்து விதமாக ஓட்டிப் பார்த்து, சாதகமாக வந்த இரண்டை மட்டும் காட்டுவது. அதற்கு மாற்றாக ‘ஜர்னல் ஆஃப் அக்கவுண்டிங் ரிசர்ச்’ தன் 2017 மாநாட்டில் ஒரு முயற்சி செய்தது. தரவைச் சேகரிக்கும் முன்பே ஆய்வுத் திட்டத்தை மட்டும் சமர்ப்பிக்க வேண்டும், திட்டம் நல்லதென்றால் முடிவு எதுவாக இருந்தாலும் வெளியிடுவோம் என்றது. வந்த கட்டுரைகளில் கருதுகோள்களுக்கு உறுதியான ஆதரவு வழக்கமாகப் பார்ப்பதைவிட மிகக் குறைவாக இருந்தது. வழக்கமான கட்டுரைகளில் கருதுகோள்கள் ஏன் எப்போதும் பலிக்கின்றன என்று கேட்க இது ஒன்றே போதும்.

கணினி நிரலையும் தரவையும் வெளியிடச் சொல்வது இன்னொரு வழி. கணக்கியல் கட்டுரைகளும் வெளியாகும் ‘மேனேஜ்மெண்ட் சயின்ஸ்’ இதழ் 2019இல் இதைக் கட்டாயமாக்கியது. 700க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து ஏறக்குறைய 500 கட்டுரைகளை மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். புதிய விதிக்குப் பின் வந்தவற்றில், தரவு கைக்கு எட்டிய கட்டுரைகளில் 95 சதவீதத்துக்கும் மேல் அதே முடிவு வந்தது. தரவு எட்டாதவற்றையும் சேர்த்தால் அது 68 சதவீதம். விதிக்கு முன்பு, தாங்களாகவே நிரலைத் தந்தவர்கள் 12 சதவீதம்தான்.

## நிலைத்தன்மை அறிக்கை: இன்றைய பெரிய களம்

சுற்றுச்சூழல், சமூகம் போன்றவற்றில் ஒரு நிறுவனம் எப்படி நடந்துகொள்கிறது என்று சொல்வதுதான் நிலைத்தன்மை அறிக்கை. செய்திகளில் அதிகம் அடிபடுவது இதுதான், அளவுகோல் சிக்கல் உச்சத்துக்குப் போவதும் இங்கேதான்.

அடிப்படைக் கருத்து வேறுபாடு ஒன்று. ஒரு நிறுவனம் பருவநிலை பற்றி எதைச் சொல்ல வேண்டும்? பருவநிலை மாற்றம் நிறுவனத்தின் பணத்தை எப்படிப் பாதிக்கும் என்பதை மட்டும் சொன்னால் போதும் என்பது ஒரு கட்சி. 2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் அறிவிக்கப்பட்ட சர்வதேச நிலைத்தன்மைத் தரநிலை வாரியம் இந்த வழியில் போகிறது, 2023 ஜூனில் முதல் இரண்டு தரநிலைகளை வெளியிட்டது. நிறுவனம் உலகத்தை எப்படிப் பாதிக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது மறு கட்சி, ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘இரட்டை முக்கியத்துவம்’ இதுதான். அரசியலும் ஆடிக்கொண்டிருக்கிறது: அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2024 மார்ச்சில் பருவநிலை விதியைக் கொண்டுவந்து, அடுத்த மாதமே வழக்குகளால் நிறுத்திவைத்து, 2025 மார்ச்சில் அதை நீதிமன்றத்தில் ஆதரிப்பதையே விட்டுவிட்டது. ஐரோப்பிய ஆணையமும் 2025 பிப்ரவரியில் தன் விதியின் வீச்சைச் சுருக்க முன்மொழிந்தது.

ஆய்வு இதில் என்ன சொல்கிறது? 2016இல் மொசாஃபர் கான், ஜார்ஜ் செராஃபீம், ஆரன் யூன் எழுதிய கட்டுரை, தன் தொழிலுக்கு உண்மையில் முக்கியமான நிலைத்தன்மை விஷயங்களில் நன்றாகச் செய்யும் நிறுவனங்களின் பங்குகள் பிறரை முந்துகின்றன என்றது. முதலீட்டு உலகம் அதைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. 2022இல் லூகா பெர்சிக்கி, ஆண்ட்ரூ கிங் இருவரும் நியாயமான மாற்று மாதிரிகள் பலவற்றை ஓட்டிப் பார்த்தார்கள். மாதிரியை மாற்றினால் முடிவு கலைந்துபோனது.

நிலைத்தன்மைக்கு மதிப்பெண் போடுகிறவர்களிடமே ஒற்றுமை இல்லை. ஃபுளோரியான் பெர்க், யூலியன் கோல்பெல், ரொபெர்த்தோ ரிகோபோன் ஆறு மதிப்பீட்டு நிறுவனங்களை ஒப்பிட்டபோது அவற்றுக்கிடையே சராசரி ஒட்டுறவு 0.54தான் இருந்தது (முழுக்க ஒத்துப்போனால் 1). ஒரே நிறுவனம் ஒருவரிடம் நல்ல பிள்ளை, இன்னொருவரிடம் கெட்ட பிள்ளை. நிறுவனங்கள் அதிகத் தகவல் தந்தால் இது சரியாகும் என்று நினைப்போம். டேன் கிறிஸ்டென்சன், ஜார்ஜ் செராஃபீம், அனிவா சிகோச்சி பார்த்தபோது நேர்மாறு: தகவல் கூடக் கூட மதிப்பெண்களின் வேறுபாடும் கூடியது.

இந்த மதிப்பெண்களை விட்டுவிட்டு நேரடியாக எண்ணக்கூடிய ஒன்றைப் பிடித்த ஆய்வுகள்தான் எனக்கு நம்பிக்கை தருகின்றன. அமெரிக்காவில் டாட்-ஃபிராங்க் என்ற நிதிச் சீர்திருத்தச் சட்டம் சுரங்க நிறுவனங்களைப் பாதுகாப்பு மீறல்களை நிதி அறிக்கையில் சேர்க்கச் சொன்னது. அந்தத் தகவல் அரசு இணையதளத்தில் ஏற்கெனவே யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருந்தது, புதிதாக எதுவும் இல்லை. இருந்தும் நிதி அறிக்கையில் ஏறியபின் மீறல்கள் 11 சதவீதமும் காயங்கள் 13 சதவீதமும் குறைந்தன, உற்பத்தித் திறன் சுமார் 0.9 சதவீதம் இறங்கியது என்று 2017இல் வந்த ஒரு கட்டுரை கண்டது. முதலீட்டாளர் கண்ணில் படும் இடத்தில் வைத்ததே நிறுவனத்தின் நடத்தையை மாற்றியிருக்கிறது. அறிக்கையின் ‘நிஜ விளைவு’ என்று இப்போது பேசப்படும் ஆய்வுப் போக்குக்கு இது நல்ல மாதிரி. எண்ணியது காயங்களை, அதில் யாரும் பெரிதாகத் தகராறு செய்ய முடியாது.

## எழுத்தை எண்ணும் இயந்திரம்

நிதி அறிக்கையில் எண்களைவிட எழுத்தே அதிகம். அதைக் கணினியில் படிக்கவைப்பது இன்னொரு பெரிய போக்கு. தொடக்கத்தில் எதிர்மறைச் சொற்களை எண்ணினார்கள், அதற்குப் பொது உளவியல் அகராதியைப் பயன்படுத்தினார்கள். 2011இல் டிம் லோக்ரன், பில் மெக்டொனால்ட் சுட்டிக்காட்டினார்கள்: அந்த அகராதி எதிர்மறை என்று குறித்த சொற்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிதி அறிக்கையில் எதிர்மறையே அல்ல. வரி, செலவு, மூலதனம், கடன்பொறுப்பு எல்லாம் அதில் கெட்ட வார்த்தைகள். அவர்கள் நிதித் துறைக்கென்று தனிப் பட்டியல் தயாரித்தார்கள். நடந்த வேடிக்கை, அந்தப் பட்டியல் வெளிவந்தபின் இயந்திரங்கள் அதிகம் படிக்கும் நிறுவனங்கள் அதிலுள்ள சொற்களைத் தவிர்த்து எழுதத் தொடங்கின என்று பின்னால் ஓர் ஆய்வு கண்டது.

இப்போது சாட்ஜிபிடி போன்ற பெரிய மொழி மாதிரிகள் வந்துவிட்டன. இதில் முக்கியமான சந்தேகம், 2015ஆம் ஆண்டு அறிக்கையைக் கொடுத்து அடுத்த ஆண்டு லாபத்தைக் கணிக்கச் சொன்னால், மாதிரி நிஜமாகக் கணிக்கிறதா, அல்லது பயிற்சியின்போதே அடுத்த ஆண்டுச் செய்தியைப் படித்துவிட்டு ஒப்பிக்கிறதா? நிறுவனத்தின் பெயரையும் ஆண்டையும் மறைத்துக் கொடுக்கிறார்கள், ஆனால் எண்களே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடலாம். பயிற்சித் தரவு முடிந்த தேதிக்குப் பிந்தைய அறிக்கைகளில் சோதிப்பதே சுத்தம், அப்படிச் சோதிக்க இன்னும் போதிய ஆண்டுகள் சேரவில்லை. அதற்கு முன் வரும் துல்லியக் கணக்குகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள், சரியான எச்சரிக்கைதான்.

## யாருக்காக இந்த ஆய்வு?

இதுவரை சொன்னது எல்லாம் ஒரு பக்கத்து உலகம், பெரும்பாலும் அமெரிக்க இதழ்களின் உலகம். இன்னொரு பக்கம் உண்டு. ஆன்டனி ஹாப்வுட் 1976இல் தொடங்கிய ‘அக்கவுண்டிங், ஆர்கனைசேஷன்ஸ் அண்ட் சொசைட்டி’ இதழைச் சுற்றி வளர்ந்தவர்கள், கணக்கு என்பது உலகத்தைப் பதிவு செய்வதோடு நிற்பதில்லை, அதை உருவாக்கவும் செய்கிறது என்கிறார்கள். மருத்துவமனையில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் செலவுக் கணக்கு வந்ததும் மருத்துவர் நோயாளியைப் பார்க்கும் விதமே மாறுகிறது என்றால், அதை ரிக்ரஷனால் பிடிக்க முடியாது, அங்கே போய் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். இரண்டு கூட்டமும் ஒருவரை ஒருவர் அதிகம் படிப்பதில்லை. பணி உயர்வு ஒரு சில இதழ்களின் பட்டியலைச் சார்ந்திருக்கும்வரை இது மாறும் என்றும் தோன்றவில்லை.

தரநிலை வகுப்பவர்களுக்காவது பயன்படுகிறதா? நற்பெயர் விவகாரத்தைப் பாருங்கள். ஒரு நிறுவனம் இன்னொன்றை அதன் சொத்து மதிப்பைவிடக் கூடுதல் விலைக்கு வாங்கினால், அந்தக் கூடுதல் நற்பெயர் என்று சொத்தாக நிற்கும். முன்பு அதை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்தார்கள். அமெரிக்கக் கணக்குத் தரநிலை வாரியம் 2001இலும் சர்வதேசக் கணக்குத் தரநிலை வாரியம் 2004இலும் அதைக் கைவிட்டு, மதிப்பு குறைந்ததா என்று ஆண்டுதோறும் சோதித்து, குறைந்தால் மட்டும் கழிக்கச் சொன்னார்கள். மதிப்பைக் குறைக்க மேலாளர்கள் தாமதிக்கிறார்கள் என்று ஒரு பக்கம் ஆய்வுகள். இருந்தாலும் அந்தச் சோதனை முதலீட்டாளருக்குத் தகவல் தருகிறது, கண்மூடித்தனமான தேய்மானம் எதையும் தருவதில்லை என்று மறு பக்கம் ஆய்வுகள். இருபது ஆண்டு இப்படியே ஓடியது. 2022 ஜூனில் அமெரிக்க வாரியம் பழைய முறைக்குத் திரும்பலாமா என்ற திட்டத்தையே நிறுத்தியது. அதே நவம்பரில் சர்வதேச வாரியம் இருக்கும் முறையே இருக்கட்டும் என்று முடிவெடுத்தது.

2024 மார்ச்சில் சர்வதேச வாரியம் வெளியிட்ட வரைவு வேறு பக்கம் போகிறது. பெரிய கையகப்படுத்தல் ஒன்றைச் செய்யும்போது என்ன இலக்கு வைத்திருந்தீர்கள், அடுத்த ஆண்டுகளில் அதை எட்டினீர்களா என்று நிறுவனமே சொல்ல வேண்டும் என்கிறது அது. வணிக ரகசியம் போய்விடும் என்று நிறுவனங்கள் தரப்பில் எதிர்ப்பு. விதியாக வந்தால், நற்பெயர் எண்ணிலிருந்து ஊகித்துக்கொண்டிருந்ததை ஆய்வாளர்கள் முதல்முறையாக நிறுவனத்தின் வாயிலிருந்தே கேட்பார்கள். அப்போது அந்த இலக்குகளையே எட்டுவதற்கு வசதியாகத் தாழ்த்தி வைத்தார்களா என்று அடுத்த கட்டுரை வரும்.